கப்பலேறிப் போன தாத்தாவைத் தேடுவது எப்படி?

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்க வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலிருந்து ஒரு வயதான அம்மா எழுதியிருந்தார். முகவரியில் கதவு எண், தெருப் பெயர் எதுவும் இல்லை. ஊர் பெயரும், திருவண்ணாமலை மாவட்டம் என்பதும், எங்க குடும்பத்துப் பெரியவர் ஒருத்தர் பெயரும் மட்டும்தான். தபால்காரர் நாலு வீட்டில் விசாரித்து எங்க தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் அதைப் படித்துச் சொன்னார்: "என் தாத்தா உங்க ஊரிலிருந்து 1890களில் கப்பலில் வந்தவர். அவர் குடும்பத்தில் யாராவது இருக்கிறீர்களா?"

தாத்தா பதில் போடவில்லை. "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு எழுதுறாங்க? நிலத்துல பங்கு கேப்பாங்களோ?" என்று சொல்லி, ட்ரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். அவர் காலமான பிறகுதான் அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது. அதிலிருந்த மின்னஞ்சலுக்கு எழுதினேன். பேத்தி பதில் போட்டார். கடிதம் எழுதிய பாட்டி இறந்து 3 வருஷம் ஆகிவிட்டதாம்.

இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம். "எங்க பாட்டனோட அண்ணன் கப்பலேறிப் போனாரு, அப்புறம் சேதியே இல்ல" என்ற பேச்சு தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் உண்டு. அந்த ஆளை இன்று தேட முடியுமா? பல நேரம் முடியும். கையில் ஒரு ஸ்மார்ட்போன், கொஞ்சம் பொறுமை, வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் போதும். வாங்க, படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் வரலாறு, சுருக்கமாக

1833-ல் ஆங்கிலேய அரசு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினார்கள். சென்னை, கல்கத்தா ஆகிய இரண்டும் முக்கியமான துறைமுகங்கள்.

நேட்டாலுக்கு (இன்றைய தென்னாப்பிரிக்காவின் க்வாசுலு-நட்டால் மாகாணம்) முதல் கப்பல் சென்னையிலிருந்துதான் போனது. அதன் பெயர் 'ட்ரூரோ'. 1860 அக்டோபரில் கிளம்பி, நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. ஒரு மாதத்துக்கு மேல் கடலில்! அதில் 342 பேர் இருந்தார்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் மொத்தம் 1,52,184 பேர். இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். தமிழர்களோடு தெலுங்கர்களும் இதில் உண்டு.

ஒப்பந்தம் 5 வருஷம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி. மொத்தம் 10 வருஷம் அங்கே இருந்தால் திரும்பி வர இலவசக் கப்பல் பயணம். சிலர் திரும்பினார்கள், நிறையப் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1866-லிருந்து 1874 வரை நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றிருந்தது. 1871-ல் சென்னைக்குத் திரும்பி வந்தவர்கள் அங்கே பட்ட பாட்டைப் புகாராகச் சொன்ன பிறகு, 1872-ல் நேட்டாலில் விசாரணைக் குழுவே அமைத்தார்கள். இந்த வருஷங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்க. "1870-ல் நேட்டால் போனார்" என்று யாராவது சொன்னால், ஒன்று வருஷம் தப்பு, இல்லை நாடு தப்பு.

நமக்கு உதவுவது அவர்கள் எழுதி வைத்த கணக்கு

கூலி ஆட்களைத் தோட்ட முதலாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், தப்பினால் பிடிக்க வேண்டும். அதற்காக ஒவ்வொருவரைப் பற்றியும் கணக்கு எழுதினார்கள். அன்பினால் எழுதியதில்லை. ஆனால் அந்தக் கணக்குதான் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் வழி.

நேட்டால் கப்பல் பட்டியலில் ஒரு ஆளுக்கு எழுதியிருப்பவை இவை:

• காலனி எண் (அங்கே இறங்கியதும் ஒவ்வொருவருக்கும் கொடுத்த தனி எண்)
• பெயர், தந்தை பெயர்
• வயது, ஆணா பெண்ணா
• சாதி
• ஜில்லா, தாலுகா, கிராமம்
• உயரம், உடம்பில் உள்ள அடையாளம்
• கப்பல் பெயர், வந்து சேர்ந்த தேதி

இந்தப் பட்டியல்களின் மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காந்தி-லுதுலி ஆவண மையம் இவற்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. உங்கள் போனில் அந்த மையத்தின் பெயரைப் போட்டுத் தேடினாலே வழி கிடைக்கும்.

படி 1: வீட்டிலிருந்து தொடங்குங்க

நேராக இணையத்துக்குப் போகாதீங்க. 'முனுசாமி' என்று தேடினால் நூற்றுக்கணக்கான முனுசாமிகள் வருவார்கள். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டுக் கேளுங்க. அவர்கள் அனுமதியோடுதான். கேட்க வேண்டியவை:

1. போனவர் பெயர் என்ன? வீட்டில் கூப்பிடும் பெயர் என்ன?
2. அவருடைய அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் பெயர் என்ன?
3. தனியாகப் போனாரா, குடும்பத்தோடு போனாரா?
4. எந்த ஊர் என்று சொன்னார்கள்? 'நெட்டால்', 'மோரீசு', 'பினாங்கு', 'ரங்கூன்', 'பிஜித் தீவு' எது?
5. குலதெய்வம் எது? எந்த ஊரில் இருக்கிறது?
6. கடிதம், மணியார்டர் ரசீது, போட்டோ, பழைய பாஸ்போர்ட் ஏதாவது இருக்கிறதா?

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "பெரிய பஞ்சத்துக்கு முன்னாடியா பின்னாடியா? உங்க அப்பா பிறக்கிறதுக்கு முன்னாடியா?" என்று கேளுங்க, வரும். 1876-78 பெரும் பஞ்சத்தைத் 'தாது வருஷப் பஞ்சம்' என்று கிராமத்தில் இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 2: எந்த நாடு என்று முடிவு செய்யுங்க

நாட்டைப் பொறுத்துத்தான் ஆவணம். இதில் தப்பினால் எல்லாம் தப்பும்.

நேட்டால்: மேலே சொன்ன கப்பல் பட்டியல். 1911-க்கு மேல் தேட வேண்டாம்.

மொரிஷியஸ்: 1834-லிருந்தே போனார்கள். மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பதிவேடுகள் இருக்கின்றன. 1860களுக்குப் பிறகு வந்த பலருக்குப் புகைப்படமும் உண்டு! அவர்கள் கரையிறங்கிய போர்ட் லூயிஸ் 'ஆப்ரவாசி காட்' 2006 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

பிஜி: 1879-ல் முதல் கப்பல் கல்கத்தாவிலிருந்து போனது. சென்னையிலிருந்து 1903-ல்தான் தொடங்கியது, 1916-ல் முடிந்தது. ஆக, உங்கள் தேடலுக்கு 13 வருஷம்தான் இடைவெளி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பயண அனுமதிச் சீட்டுகள் சுவாவில் உள்ள பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக்: இவை பிரெஞ்சுக் காலனிகள். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்கள் அதிகம். ஆவணங்கள் பிரெஞ்சு மொழியில் இருக்கும்.

மலேயா, இலங்கை, பர்மா: இங்கேதான் சிக்கல். கங்காணி மூலம் போனவர்களுக்கும், சொந்தமாக டிக்கெட் எடுத்துப் போனவர்களுக்கும் மேலே சொன்னது போல ஆள்வாரியான விவரப் பட்டியல் கிடைப்பது அரிது. அவர்களுக்குத் தோட்டப் பதிவேடு, கோயில் வரவு-செலவு நோட்டு, பாஸ்போர்ட், கல்லறைக் கல்வெட்டு என்று வேறு வழிகளில் போக வேண்டும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பமாக இருந்தால், அப்போது கொடுத்த குடும்ப அட்டையைப் பத்திரமாக வைத்திருங்க. அதுவே பெரிய ஆவணம்.

நேட்டாலுக்கும் சொந்தச் செலவில் போன வியாபாரிகள் உண்டு. அவர்கள் பெயர் கூலிக் கப்பல் பட்டியலில் இருக்காது. பட்டியலில் இல்லை என்பதால் "போகவே இல்லை" என்று முடிவுகட்டாதீங்க.

படி 3: எழுத்துப்பிழையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்க

தமிழ்ப் பெயரை, தமிழ் தெரியாத எழுத்தர், காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். விளக்கத்துக்காக நானே தயாரித்த ஒரு மாதிரிப் பதிவு இது. உண்மையான ஆள் இல்லை:

பெயர்: மூன்சாமி. தந்தை: வீராசாமி. வயது: 22. ஜில்லா: நார்த் ஆர்காட். தாலுகா: வாண்டிவாஷ். கிராமம்: டெல்லார். அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு.

இதை எப்படிப் படிப்பது? மூன்சாமி என்பது முனுசாமி. நார்த் ஆர்காட் வடாற்காடு. வாண்டிவாஷ் நம்ம வந்தவாசி. டெல்லார் என்றால் வந்தவாசிப் பக்கம் உள்ள தெள்ளாராக இருக்கலாம். இதே மாதிரி கான்ஜீவரம் காஞ்சிபுரம், சிங்கிள்புட் செங்கல்பட்டு, டான்ஜோர் தஞ்சாவூர், டின்னவெல்லி திருநெல்வேலி.

குடும்பப் பெயர்களும் அங்கே உருமாறிவிட்டன. தென்னாப்பிரிக்காவில் 'மூட்லி' என்பது முதலியார். 'கோவெண்டர்' என்பது கவுண்டர் என்பதன் திரிபு என்று சொல்வார்கள். பல குடும்பங்களில் முதல் தலைமுறை ஆளின் சொந்தப் பெயரே அடுத்த தலைமுறைகளுக்குக் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அதனால் ஒரு பெயரை நாலு விதமாக எழுதித் தேடுங்க. பெயரில் கிடைக்கவில்லை என்றால் கிராமத்தின் பெயரில் தேடுங்க.

படி 4: பழைய ஜில்லா, இன்றைய மாவட்டம்

இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். பட்டியலில் உள்ள ஜில்லா இன்றைய மாவட்டம் இல்லை.

• வடாற்காடு: இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாவட்டங்களின் பகுதிகள். 1911-க்கு முன் என்றால் இன்று ஆந்திராவில் உள்ள சித்தூர்ப் பகுதியும் சேரும்.
• தென்னாற்காடு: கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி.
• செங்கல்பட்டு: செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்.
• தஞ்சாவூர்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை.
• திருச்சிராப்பள்ளி: திருச்சி, பெரம்பலூர், அரியலூர், கரூரின் ஒரு பகுதி.
• சேலம்: சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி.

இன்னும் நுணுக்கமாக ஒன்று. திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென்னாற்காட்டில் இருந்தது. திருப்பத்தூர் தாலுகா அதே வருஷம் வரை சேலம் ஜில்லாவில் இருந்தது. எனவே 1900-ல் போன திருப்பத்தூர்க்காரரை வடாற்காட்டில் தேடினால் கிடைக்க மாட்டார்.

கிராமத்தின் பெயர் கிடைத்ததும், தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையச் சேவையைத் திறந்து, மாவட்டம், வட்டம், கிராமம் என்று தேர்வு செய்து பாருங்க. அந்த வட்டத்தில் உள்ள வருவாய்க் கிராமங்கள் வரிசையாக வரும். உச்சரிப்புக்கு ஒத்து வருகிற பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்க. ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் இருப்பது சகஜம். பிறகு கிராம நிர்வாக அலுவலரையோ, ஊராட்சி மன்றத்தையோ, ஊர்ப் பெரியவர்களையோ கேட்கலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய மாவட்டக் கையேடுகளையும் அரசுக் கோப்புகளையும் பார்க்க விண்ணப்பிக்கலாம்.

படி 5: கிடைத்தவர் நம்மவர்தானா?

பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது. எனக்கும் இதுதான் நடந்தது. டர்பனிலிருந்து வந்த பட்டியல் நகலில் ஊர் பெயர் ஒத்துப்போனது. தந்தை பெயரும் எங்க தாத்தாவோட கொள்ளுத்தாத்தா பெயர்தான். சந்தோஷத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அப்புறம் ஊரில் விசாரித்தால், அந்தப் பெயரில் அந்தக் காலத்தில் இரண்டு பேர் இருந்ததாகச் சொன்னார்கள். முகம் தொங்கிப் போச்சு.

அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்க: குறைந்தது மூன்று விவரம், தனித்தனி இடத்திலிருந்து, ஒத்துப்போக வேண்டும். பெயர் ஒன்று. ஊர் ஒன்று. மூன்றாவது, பட்டியலுக்கு வெளியே இருந்து வர வேண்டும். அது குலதெய்வமாக இருக்கலாம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால், இரண்டு பக்கமும் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தபின் பதிவாகும் மரண அறிவிப்பிலும் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் பெயர் இருக்கும். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் கோப்பு எண்ணைக் கண்டுபிடிக்கலாம்.

எனக்குக் கைகொடுத்தது குலதெய்வம். அந்தப் பேத்தியிடம் எங்க பக்கத்துப் பெயர் எதையும் சொல்லாமல், "உங்க வீட்டில் எந்தச் சாமிக்குப் படையல் போடுவீங்க?" என்று கேட்டேன். அவர் சொன்ன அம்மன் பெயர், எங்க ஊர் ஏரிக்கரையில் இருக்கிற அதே அம்மன். இரண்டு குடும்பத்தில் ஒன்றுக்குத்தான் அந்த அம்மன் குலதெய்வம். அது எங்க குடும்பம். முதலில் நாம் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் "ஆமாம்" என்று சொல்லிவிடுவார். கேள்வியாகவே கேளுங்க.

இன்னொரு எச்சரிக்கை. பட்டியலில் உள்ள சாதி, வயது இரண்டையும் கல்வெட்டு மாதிரி நம்ப வேண்டாம். வயது பெரும்பாலும் பார்த்துப் போட்ட கணக்கு. வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பியவர்கள் விவரங்களை மாற்றிச் சொன்னதும் உண்டு.

வெளிநாட்டிலிருந்து உங்களைத் தேடி வந்தால்?

இது இரண்டு பக்கத் தேடல். அங்கிருந்தும் தேடுகிறார்கள். அயலகத் தமிழ் இளைஞர்களைத் தமிழ்நாட்டுக்கு அழைத்து வரும் 'வேர்களைத் தேடி' திட்டத்தை நம் அரசு 2023 முதல் நடத்துகிறது. அதில் வருகிறவர்கள் பலரும் தலைமுறைகளுக்கு முன் போனவர்களின் பிள்ளைகள். ஒருநாள் உங்க ஊருக்கும் யாராவது வரலாம், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரலாம்.

பயப்பட வேண்டாம். கப்பல் பட்டியல் என்பது நிலப் பத்திரம் இல்லை. அதை மட்டும் வைத்து யாரும் உங்க பட்டாவை மாற்றிவிட முடியாது. அதே சமயம் கவனமும் வேண்டும்:

• ஆதார் நகல், வங்கி விவரம், ஓடிபி, பத்திர நகல் எதையும் அனுப்பாதீங்க. வேர் தேடுவதற்கு இவை எதுவும் தேவையில்லை.
• "உங்க தாத்தா சொத்து வெளிநாட்டில் இருக்கு, எடுக்கப் பணம் கட்டணும்" என்று யாராவது சொன்னால் அது மோசடி என்றே எடுத்துக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்க.
• உண்மையாகத் தேடி வருபவர் ஆவண நகலைக் காட்டத் தயங்க மாட்டார். கப்பல் பெயர், காலனி எண் கேளுங்க.
• தெரியவில்லை என்றால் "விசாரித்துச் சொல்கிறேன்" என்று ஒரு வரி பதிலாவது போடுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பட்டியல்கள் 100 வருஷத்துக்கு மேல் காப்பகத்தில் இருந்துவிட்டன, இன்னும் இருக்கும். நம்ம வீட்டுப் பெரியவர்கள் அப்படி இல்லை. கப்பலேறிப் போனவரின் வீட்டுப் பெயரும், குலதெய்வமும், அவர் ஏன் போனார் என்பதும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அது அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேலே உள்ள ஆறு கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்யுங்க. பழைய ட்ரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்க. இருக்கும் காகிதங்களைப் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்க.

டர்பன் பேத்தி வரும் ஆடி மாதம் ஊருக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டுமாம். அது அவர் பாட்டியின் ஆசை. தாத்தா பெட்டியிலிருந்த அந்தக் கடிதத்தை அவரிடமே கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன். பாட்டி எழுதிய காலத்திலேயே பதில் போட்டிருந்தால் அவரே வந்திருப்பார். உங்க வீட்டில் அப்படி ஒரு கடிதம் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே பதில் போடுங்க.